ஒரு படத்துக்குள் பல பிளாஷ்: உருவப்படம் பிழைத்தால் எங்கே பார்ப்பது

அரங்கேற்ற அழைப்பிதழுக்கு, சாமத்தியவீட்டு அல்பத்துக்கு, சில வேளை வெறும் ஆசைக்கு, ஒரே ஆளின் இரண்டு மூன்று முகம் ஒரே படத்தில் வேண்டும் என்று கேட்பார்கள். கணினியில் வெட்டி ஒட்டியும் செய்யலாம். ஆனால் கமராவுக்குள்ளேயே பிளாஷ் அடித்துச் சேர்க்கும்போது ஒரு முகத்தின் நிழலுக்குள் மற்ற முகம் ஊறி இறங்கும். அந்தக் கலப்பை ஒட்டு வேலையில் கொண்டுவருவது கஷ்டம்.

கீழே பிழைகளைப் படத்தில் தெரியும் அறிகுறியை வைத்தே பிரித்திருக்கிறோம். உங்கள் படத்தில் எது தெரிகிறதோ நேரே அங்கே போங்கள். ஒன்றை மட்டும் முதலில் வாசித்துவிடுங்கள்: சென்சர் வெளிச்சத்தைக் கூட்டும், ஒருபோதும் கழிக்காது. முதல் பதிவில் வெளிச்சம் விழுந்த இடம் நிரம்பிவிட்டது. இருட்டாக விட்ட இடம்தான் காலி. இரண்டாவது முகம் அங்கேதான் குடியேறும்.

எந்த அமைப்பை வைத்துப் பேசுகிறோம்

ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8, சட்டர் 1/160. பிளாஷ் ஒன்று, முகத்திலிருந்து 1 மீற்றர், பக்கவாட்டில் 45 பாகை, கண்மட்டத்துக்குச் சற்று மேலே, வெளிச்சம் சிதறாமல் தடுக்கும் தேன்கூட்டுக் கிரிட் போட்டது. வலு 1/16 இல் தொடங்கலாம். எல்லாம் மனுவல். ரி.ரி.எல் வேண்டாம்: ஒவ்வொரு பதிவுக்கும் அது தன் பாட்டில் வலுவை மாற்றும், இரண்டு முகத்துக்கும் இடையிலான கணக்கு கெடும்.

வழி இரண்டு. ஒன்று, கமராவில் உள்ள மல்டிபிள் எக்ஸ்போஷர் மெனு. மற்றது, இருட்டில் சட்டரை 10 அல்லது 20 விநாடி திறந்துவைத்து, பிளாஷின் ரெஸ்ட் (test) பட்டனைக் கையால் அழுத்தி அழுத்தி அடிப்பது. மெனு இல்லாத பழைய கமராவிலும் இரண்டாவது வழி ஓடும், ட்ரைபொட் கட்டாயம்.

எந்த வழியானாலும் முதலில் பிளாஷை நிறுத்திவிட்டு, அதே சட்டர் நேரத்தில் ஒரு படம் எடுங்கள். திரை முழுக் கறுப்பாக வரவேண்டும். ஹிஸ்டோகிராம் (கமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) இடது ஓரத்தோடு ஒட்டிக் கிடக்கவேண்டும். அப்படி வராவிட்டால் மேலே போய்ப் பிரயோசனம் இல்லை.

முகத்துக்குள்ளால் சுவர் தெரிகிறது

அதிகம் வரும் பிழை இதுதான். முகம் கண்ணாடித்தாள் போல நிற்கும், அதற்குள்ளால் சுவரின் வெடிப்பு, ஜன்னல் கம்பி, கலண்டர் ஆணி எல்லாம் தெரியும்.

கணக்கைப் பாருங்கள். பிளாஷிலிருந்து முகம் 1 மீற்றர், சுவர் 3 மீற்றர் என்றால் சுவருக்குப் போவது ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம், அதாவது சுமார் 3 ஸ்டொப் குறைவு (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரண்டு மடங்கு). கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் எங்கள் தோலைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஒன்றரை ஸ்டொப் அங்கே போய்விட்டது. பிறகு, முகம் இடம் மாறுவதால் ஒவ்வொரு முகமும் ஒரு தடவைதான் பதிவாகிறது. சுவர் அசையாமல் நின்று இரண்டு தடவையும் வெளிச்சம் வாங்குகிறது. இன்னொரு ஸ்டொப் கூடிவிட்டது. கடைசியில் சுவருக்கும் முகத்துக்கும் அரை ஸ்டொப் வித்தியாசம்தான் மிச்சம்.

10க்கு 12 அடி அறைக்குள் இதைத் தூரத்தால் மட்டும் தீர்க்கமுடியாது. பிளாஷை முகத்துக்கு 60 சென்ரிமீற்றர் வரை கிட்டக் கொண்டுவந்து வலுவைக் குறையுங்கள். அதன் வாய் சுவரைப் பாராமல் பக்கவாட்டில் திரும்பட்டும். சுவர்ப்பக்கம் ஒரு கறுப்பு மட்டையைப் பிளாஷ் தலையில் ஒட்டி மறையுங்கள். பின்னால் கறுப்புத் துணி கட்டுவதென்றால் வெல்வெட் வாங்குங்கள். மினுங்குகிற கறுப்புப் பொலியெஸ்டர் பிளாஷுக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரியும், மடிப்புகளில் கோடு கோடாக வரும்.

எங்களைக் கேட்டால், அறையை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போவதே லாபம். திருகோணமலையில் உப்புவெளியிலோ டச் பேயிலோ கடலுக்கு முதுகுகாட்டி ஆளை நிறுத்தினால் பின்னால் சுவரே இல்லை. வெளிச்சம் போய்த் தட்டித் திரும்ப எதுவும் கிடையாது. கிழக்குக் கரை என்பதால் பொழுது தரைப்பக்கம் சாயும், கடல்பக்க வானம் முதலில் இருளும். பொழுது பட்டு 45 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். காற்றுக்கு ஸ்டாண்ட் சரியாமல் ஓர் உரப்பையில் மணல் நிரப்பிக் காலில் கட்டிவிடுங்கள்; மணலுக்கா பஞ்சம்?

கறுப்புக்குள் தேவையில்லாத புள்ளி, கோடு, மூட்டம்

சட்டரைத் திறந்துவைக்கும் முறையில்தான் இது வரும். கடலில் மீன்பிடி வள்ளத்தின் விளக்கு 20 விநாடியில் ஒரு கோடாகும். யாரோ கைத்தொலைபேசியைத் திறந்தால் நீல மூட்டம். அறைக்குள் என்றால் ஏசியின் சின்னப் பச்சை விளக்குக்கூடப் போதும், அதற்குமேல் கறுப்பு ரேப் ஒட்டுங்கள். பூரணைக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் நிலாவெளியின் வெளிர்மணல் 30 விநாடிப் பதிவில் சாம்பல் பட்டையாகத் தெரியத் தொடங்கும்.

தீர்வு சட்டர் நேரம்தான். 30 விநாடியை 15 ஆக்கினால் சுற்று வெளிச்சம் ஒரு ஸ்டொப் குறையும், பிளாஷ் வெளிச்சம் குறையாது. பிளாஷ் அடித்து முடிவதற்கு ஆயிரத்தில் சில விநாடிகூட எடுக்காது. சட்டர் எவ்வளவு நேரம் திறந்து கிடந்தாலும் அதற்கு ஒன்றுதான். எஃப் எண்ணை 8 இலிருந்து 11க்கு ஏற்றினால் இரண்டும் சேர்ந்து குறையும் என்பதை மறக்கவேண்டாம்.

கோட்டைப் பக்கம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இருட்டுக்குள் சோடி சோடியாகப் பளிச்சென்று புள்ளி வந்தால் கமராப் பிழை இல்லை, மான். அதன் கண் பிளாஷை அப்படியே திருப்பி அனுப்பும்.

முகம் வெளிறி, சுண்ணாம்பு பூசியது போல

முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா, தள்ளி நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மேலே விழுந்தால் வெளிச்சம் கூடும்: இரண்டு பதிவுக்கு ஒவ்வொன்றையும் 1 ஸ்டொப், மூன்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல், நான்குக்கு 2, எட்டுக்கு 3 ஸ்டொப் குறைக்கவேண்டும். தள்ளி நின்றால் எதையும் குறைக்கத் தேவையில்லை.

அதற்கு மாறாக, எல்லாமே மங்கிக் கிடக்கிறது

நீங்களும் குறைத்திருக்கிறீர்கள், கமராவும் குறைத்திருக்கிறது. நிக்கொனின் பழைய உடல்களில் ஓட்டோ கெய்ன், புதியவற்றிலும் கனனிலும் அவரேஜ் என்று இருப்பது, பதிவு எண்ணிக்கைக்கு ஏற்பத் தானே வெளிச்சத்தைப் பகிரும். கறுப்பின்முன் தள்ளித் தள்ளி நிற்கும் மூன்று முகத்துக்கு அதைப் போட்டால் ஒவ்வொரு முகத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கிடைக்கும். தள்ளி நிற்கும் முகங்களுக்கு கனனில் பிரைட், நிக்கொனில் லைற்றன்: ஒவ்வொரு புள்ளியிலும் எது கூடுதலாக வெளிச்சமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்று ஊறவேண்டும் என்றால் அடிற்றிவ் அல்லது அட் போட்டு, குறைப்பதை நீங்களே கையால் செய்யுங்கள்.

நான்கு கண், இரண்டு மூக்கு, யாரென்றே தெரியவில்லை

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். படத்தில் உணர்ச்சி பிறப்பதும் சாவதும் இந்த இடத்தில்தான்.

பார்ப்பவரின் கண் முதலில் கண்ணைத்தான் தேடும். இரண்டு சோடிக் கண் ஒரே பலத்தில், ஒரே கூர்மையில் இருந்தால் எதிலும் தங்காமல் ஓடித் திரியும். ஆகவே ஒரு சோடிதான் தலைவி. மற்றது அவளுடைய இருட்டுக்குள் அடங்கவேண்டும்.

செய்யும் முறை இது. முதல் பதிவில் பிளாஷைப் பக்கவாட்டில் 80 பாகை வரை கொண்டுபோய் இடது கன்னத்துக்கு மட்டும் வெளிச்சம் கொடுங்கள். வலது கன்னம், காது, கூந்தல் எல்லாம் இருட்டு. இரண்டாவது பதிவுக்கு ஆளை முழுதாகப் பக்கம் திருப்பி, முகத்தின் விளிம்புக்கோடு, அதாவது நெற்றி, மூக்கு, உதடு, நாடி, அந்த இருண்ட பகுதிக்குள் வரும்படி நிறுத்துங்கள். கனனில் லைவ் வியூ திறந்தால் முதல் படம் மங்கலாகக் கீழே தெரியும். அந்த வசதி இல்லாவிட்டால் திரைமேல் ஒரு பிளாஸ்ரிக் தாளை ஒட்டி, முதல் முகத்தின் கண்ணையும் நாடியையும் மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். கேவலமாக இருக்கும், வேலை செய்யும்.

எங்கள் பெண்பிள்ளைகளின் கூந்தல் இந்த வேலைக்கென்றே செய்தது போல. விரித்துவிட்ட கறுப்பு முடிக்குள் ஒரு முழு முகத்தை வைக்கலாம். கெடுப்பவை மூன்று. தேங்காய் எண்ணெய்: தடவிய முடி பிளாஷுக்கு மினுங்கும், அந்த மினுக்கம் இரண்டாவது முகத்தின் கன்னத்தில் வெள்ளைக் கீறலாக விழும். மல்லிகைச் சரம்: வெள்ளைப் பூ எந்த முகத்தையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நெற்றிச்சுட்டி, தோடு, மூக்குத்தி: ஒவ்வொன்றும் இரண்டு தடவை பதிவாகும், மூக்குத்தி கன்னத்தில் போய் நிற்கும். எண்ணெயைத் துவாயால் ஒற்றி எடுங்கள். பூவையும் சுட்டியையும் ஒரு பதிவுக்கு வைத்து, மற்றதுக்குக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மனம் வராவிட்டால், அந்தப் பதிவில் தலையின் மேற்பகுதிக்கு வெளிச்சம் போகாமல் மட்டையால் மறைத்தால் சரி.

வேர்வையும் இப்படித்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நெற்றியை ஒற்றவேண்டி வரும்.

சோகம் கேட்டோம், பேய் வந்தது

சிரிக்காதீர்கள், அடிக்கடி வருகிற முறைப்பாடு. படம் பேயாவதற்குக் காரணங்கள் இருக்கின்றன: வெளிச்சம் கீழிருந்து வருவது, இரண்டு முகமும் கமராவை நேரே பார்ப்பது, இரண்டும் ஒரே அளவு, நீல ஜெல் (பிளாஷின் வாயில் போடும் நிறத்தாள்). இவற்றில் இரண்டு சேர்ந்தாலே போதும்.

துயரத்துக்கு இரண்டாவது முகத்தைப் பெரிதாக்கி மங்கலாக்குங்கள். முதல் முகம் கூர்மையாக, சிறிதாக, கீழே. இரண்டாவதற்குக் கமராவை அரைவாசித் தூரத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், பிளாஷ் வலுவை ஒன்றரை முதல் 2 ஸ்டொப் இறக்குங்கள். கண் மூடியோ நிலம் பார்த்தோ இருக்கட்டும். "தங்கச்சி, அழவேண்டாம். நாடியைக் கொஞ்சம் இறக்கி, மூச்சை மெதுவாக விடுங்கோ" என்று சொல்லி, மூச்சு முடியும் இடத்தில் அடியுங்கள். அந்த நேரத்தில் உதடு தானாகத் தளரும். நடிக்கச் சொன்னால் தளராது. பிளாஷில் அரைச் செறிவு சி.ரி.ஓ என்ற செம்மஞ்சள் ஜெல் போட்டால் வெளிச்சம் விளக்கு வெளிச்சம் போல மஞ்சளாகும். பேய் வருவதில்லை, வீட்டின் நினைவு வரும்.

பெருமிதத்துக்குப் பதிவு இரண்டு போதும்: குனிந்த தலை ஒன்று, நிமிர்ந்த தலை ஒன்று, நிமிர்ந்தது ஒரு ஸ்டொப் கூடுதலாக. மனம் இரண்டாகப் பிரிவதைக் காட்ட இரண்டு பக்கமுகம், முதுகோடு முதுகாக, பின்தலைகள் ஒன்றுக்குள் ஒன்று. முகத்தோடு முகமாக வைத்தால் அது பேச்சுவார்த்தை போலாகிவிடும்.

அச்சத்துக்கு முகத்தை அதிகம் நகர்த்தாதீர்கள். 1 அல்லது 2 சென்ரிமீற்றர் இடைவெளியில் மூன்று பதிவு, ஒரே அளவு, ஒரே வெளிச்சம். நடுக்கம் வரும். இடைவெளி 10 சென்ரிமீற்றர் ஆனவுடன் நடுக்கம் போய் அசைவு ஆகிவிடும், அசைவில் பயம் இல்லை. உவகை எடுக்கும்போது பல்லைக் கவனியுங்கள். சிரிப்பில் பல் எல்லாவற்றையும் விட வெள்ளை, மூன்று தடவை ஒரே இடத்தில் விழுந்தால் வாய் இருக்கும் இடத்தில் ஓட்டை விழுந்தது போலிருக்கும். தலையைச் சற்றுச் சற்றுத் திருப்பவைத்துப் பற்களைப் பிரித்துவிடுங்கள்.

கை அழகாக வந்தது, முகம் வெந்துபோனது

நாட்டியக்காரரின் கை விசிறிபோல விரிவதற்கு, ஒரே பதிவுக்குள் பல தடவை அடிக்கும் பிளாஷின் மல்ட்டி முறையைப் பயன்படுத்துகிறோம். கணக்கு எளிது: சட்டர் விநாடி = பிளாஷ் எண்ணிக்கை ÷ ஹேர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை அடி). 8 தடவை, 4 ஹேர்ட்ஸ் என்றால் 2 விநாடி. இரண்டரை விநாடி வைத்தால் பாதுகாப்பு. 1930களில் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரோல்ட் எட்கர்ட்டன் இந்த அடுக்குப் பிளாஷைப் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்தார், படப்பிடிப்பாளர் ஜோன் மிலி அதை நடனக்காரர்கள்மேல் திருப்பினார். அவர்களும் கறுப்புத் திரைமுன்தான் வேலை செய்தார்கள், காரணம் மேலே சொன்னதே.

கை எட்டு இடத்துக்குப் போகிறது, ஒவ்வோர் இடமும் ஒரு அடி வாங்குகிறது. முகம் அசையாமல் நின்று எட்டு அடியும் வாங்குகிறது, 3 ஸ்டொப் கூட. எனவே மல்ட்டிப் பிளாஷுக்கு முகத்தைக் காட்டாதீர்கள். அதைப் பக்கவாட்டில் வைத்து, கறுப்பு மட்டையைச் சுருட்டிக் குழாயாகப் போட்டு, கை போகும் பாதைக்கு மட்டும் வெளிச்சம் விடுங்கள். முகத்துக்கு வேறு பிளாஷ், ஒரே ஒரு அடி, கை கடைசி முத்திரையில் நிற்கும் நேரத்தில் கையால் அழுத்துவது. அந்த முத்திரை மற்றவற்றை விட உறுதியாகத் தெரியும், அதுதான் வேண்டியது.

ஒரு தொடரில் 10 படத்துக்கு மேல் மல்ட்டி அடிக்காதீர்கள், பிளாஷை 15 நிமிடம் ஆறவிடுங்கள். எங்கள் வெக்கைக்கு இது ஆலோசனை அல்ல, பிளாஷ் குழாயின் உயிர்.

இரண்டாவது பிளாஷ் அடிக்கவில்லை

வலு 1/2க்கு மேல் இருந்தால் சார்ஜ் ஏறக் காத்திருக்கவேண்டும். அல்கலைன் பற்றரியில் அது இழுபடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் டபிள் ஏ போட்டால் விரைவு. வலு குறைவாக இருந்தும் அடிக்காவிட்டால் பிளாஷ் தூங்கிவிட்டதா என்று பாருங்கள், ஓட்டோ பவர் ஓஃபை நிறுத்துங்கள். அடுத்த சந்தேகம் உப்புக்காற்று: கமராவின் ஹொட் ஷூவிலும் (மேலே பிளாஷ் மாட்டும் இடம்), வயரில்லாமல் பிளாஷை அடிக்கவைக்கும் ட்ரிகரின் அடியிலும் உள்ள உலோகப் புள்ளிகளை அழிரப்பரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். கடற்கரையில் வேலை செய்பவர்கள் இதை மாதம் ஒரு தடவை செய்யவேண்டும்.

தேவையில்லாத நேரத்தில் அடித்தால்? மண்டபத்தில் இன்னொருவர் அதே சனலில் இருக்கிறார். மாற்றுங்கள்.

மல்டிபிள் எக்ஸ்போஷர் பாதியில் முடிந்துவிடுகிறது

நிக்கொனில் சும்மா விட்டால் 30 விநாடியளவில் முடித்துக்கொள்ளும். மொனிற்றர் அணையும் நேரத்தை மெனுவில் நீட்டினால் இதுவும் நீளும். மெனுவே மங்கலாகத் தெரிந்து திறக்காவிட்டால் எச்.டி.ஆர் அல்லது பிராக்கெற்றிங் எங்கோ போட்டபடி கிடக்கிறது. சில கனன் உடல்களில் கார்ட்டில் ஏற்கெனவே உள்ள ரோ படத்தை முதல் பதிவாகத் தெரிவுசெய்யலாம்; முதல் முகம் நன்றாக வந்து இரண்டாவது மட்டும் பிழைத்தால் இதுதான் கைகொடுக்கும்.

முதல் முகம் கூர்மை, இரண்டாவது பஞ்சு

இருட்டில் ஓட்டோ ஃபோக்கஸ் தடுமாறும். ரோச் அடித்து இமைமயிரில் ஃபோக்கஸ் பிடித்து, மனுவலுக்கு மாற்றி, ரோச்சை அணையுங்கள். முழுச்சென்சர் கமராவில் 85 மில்லிமீற்றர் லென்ஸ், 2 மீற்றர் தூரம், எஃப் 8 என்றால் கூர்மை நிற்கும் ஆழம் சுமார் 25 சென்ரிமீற்றர். எஃப் 2.8 என்றால் 9 மட்டுமே, தலையைத் திருப்பும்போதே தாண்டிவிடும். ஆள் திரும்ப அதே இடத்தில் நிற்பதற்குக் கால் பெருவிரல் இருந்த இடத்தில் ஒரு ரேப் துண்டு, மணலில் என்றால் ஈர்க்குக் குச்சி.

இரண்டு முகமும் பஞ்சாக இருந்தால் லென்ஸில் பனி. ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த கமராவுக்கு இது நிச்சயம். துடைக்காதீர்கள், திரும்பவும் படியும். அறைக்குள்ளேயே சிப் பையில் மூடி, வெளியே வந்து அரைமணி பையைத் திறக்காமல் வையுங்கள்.

சிவப்பு ஜெல் போட்டால் தோலில் விவரமே இல்லை

சாதாரண ஹிஸ்டோகிராமில் நல்லது போலத் தெரியும், சிவப்புச் சனல் மட்டும் உச்சியில் முட்டியிருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு விலகும்வரை வலுவைக் குறையுங்கள். வைற் பலன்ஸ் 5500 கெல்வினில் நிற்கட்டும், ஓட்டோ வேண்டாம்.

திரையில் நன்றாக இருந்தது, அல்பத்தில் இரண்டாவது முகம் இல்லை

2 ஸ்டொப் இறக்கிய முகம் ஒளிரும் திரையில் தெரியும், மினுக்கமில்லாத மற் (matte) தாளில் கறுப்புக்குள் போய்விடும். அல்பத்துக்குக் கொடுக்குமுன் 4க்கு 6 அளவில் ஒரு சோதனைப் பிரதி எடுத்து, விறாந்தையில் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மங்கலான முகத்தின் மூடிய இமைக்கோடு கண்ணுக்குப் பிடிபடவேண்டும். பிடிபடாவிட்டால் நிழல் பகுதியை மட்டும் அரை ஸ்டொப் உயர்த்தி மறுபிரதி எடுங்கள். முழுப் படத்தையும் உயர்த்தினால் கறுப்பு சாம்பலாகி, நீங்கள் மறைத்த சுவர் திரும்பி வரும்.